ஒயின் ஷாப்பில் இல்லாத சரக்கு

தமிழ்நாட்டில் 'ஒயின் ஷாப்' என்று ஒரு சொல் ரொம்ப நாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. உள்ளே பிராந்தி இருக்கும், விஸ்கி இருக்கும், ரம் இருக்கும், பக்கத்திலேயே ஊறுகாய், அவித்த முட்டை, தண்ணீர் பாக்கெட் எல்லாம் இருக்கும். ஒயினை மட்டும் தேடணும். வாய் தவறிக் கேட்டுவிட்டால், கவுன்ட்டர்காரர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'ஏனுங்... வீட்ல யாருக்காச்சும் ஒடம்பு முடியலீங்களா?' என்று அக்கறையாக விசாரிப்பார். 2003-ல் டாஸ்மாக் சில்லறை விற்பனையையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. போர்டு மாறியது. நம் வாய் மாறவில்லை. இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும்போது, 'ஒயின் ஷாப் தாண்டி லெஃப்ட்' தான்.

ஒயினைப் பற்றி நம் ஆட்களுக்கு இருக்கும் ஞானம் ரெண்டே இடத்திலிருந்து வந்தது. ஒன்று, பழைய சினிமா. எஸ்டேட் முதலாளி பளபளவென்று கவுன் போட்டுக்கொண்டு, கையில் கோப்பையோடு மாடிப்படி இறங்கி வந்து, ஏழை மாப்பிள்ளையிடம் செக் புக்கை நீட்டுவார். இன்னொன்று, காலேஜ் ஹாஸ்டல். 'ஒயின் குடிச்சா ரத்தம் ஊறும்டா' என்று எங்கள் சீனியர் ஒருவர் அடித்துச் சொல்வார். அவருக்கு ஊறியது அரியர்ஸ்தான்.

போன மாசம், பம்ப் கம்பெனி எக்ஸ்போர்ட் பிரிவில் இருக்கும் நண்பர் ஒருவர் கிரீஸ் போய்விட்டு வந்தார். அங்கே சான்டோரினி என்று ஒரு தீவு. சுமார் 3,600 வருஷத்துக்கு முன்னால் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட்டது. மிச்சம் நிற்பது பிறை மாதிரி ஒரு கரை. அந்தச் சாம்பல் மண்ணில் திராட்சை போடுகிறார்கள். காற்று பேய்க்காற்று என்பதால் பந்தல் நிற்காது. கொடியை வட்டமாகச் சுற்றி, நம் ஊரில் கோழி கவுக்கும் கூடை மாதிரி தரையோடு தரையாக வளைத்து விடுகிறார்கள். பழம் கூடைக்குள்ளே பத்திரமாக இருக்கும். கோடையில் மழை கிடையாது; கடல் மூடுபனியின் ஈரம்தான் தண்ணீர். டூரிஸ்ட்டுகளை வேனில் ஏற்றி மூணு நாலு ஒயின் ஆலைக்குக் கூட்டிப் போய், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, 'என்ன வாசம் வருது, சொல்லு' என்று பாடம் நடத்துகிறார்களாம். நண்பர் போட்டோவாகக் காட்டித் தள்ளினார்.

நான் ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: "எரிமலைத் தீவுல ஒயின் ருசி பாக்கறதுக்கு கிரீஸ் வரைக்கும் எதுக்குங்க? கோயமுத்தூர்ல குர்லா எக்ஸ்பிரஸ் ஏறுனாப் போதுமே!"

அவர் நம்பவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள். விளக்குகிறேன்.

6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னால் இந்தியா ஆசியாவோடு ஒட்டியே இல்லை. மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, நாலு பக்கமும் கடல் சூழ, வடக்கே பார்த்து மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த ஒரு பெரிய தீவு. அந்தப் பயணத்தில் பூமிக்கடியில் கொதித்துக்கொண்டிருந்த ஒரு சூட்டிடத்துக்கு மேலே வந்து சேர்ந்தது. மண் பிளந்து, தோசைக்கல்லில் மாவு ஊற்றுகிற மாதிரி அடுக்கடுக்காகக் குழம்பு வழிந்தது. இன்று மிச்சமிருப்பது மட்டுமே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். டெக்கான் டிராப்ஸ் என்பார்கள். நாசிக் நகரம் உட்கார்ந்திருப்பது அந்தப் பாறையின் மேல்தான். சுற்றிலும் இருக்கும் குன்றுகளைப் பாருங்கள், உச்சியைக் கத்தி வைத்துச் சீவின மாதிரி தட்டையாக இருக்கும். எல்லாம் தோசை அடுக்கு.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. இந்தியா நகர்ந்து வந்துவிட்டது. அந்தச் சூட்டிடம் அங்கேயே இருக்கிறது. இப்போது அதன் தலைக்கு மேலே இருப்பது ரீயூனியன் தீவு. அங்கே எரிமலை இன்னமும் கக்கிக்கொண்டிருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வாரிசுகள் ஏராளமாக அங்கே வாழ்கிறார்கள், கோயில் கட்டித் தீ மிதிக்கிறார்கள். அந்தத் தீவின் நடுவே சிலாவ் என்ற மலைக்கிண்ணத்தில் திராட்சை வளர்த்து ஒயினும் செய்கிறார்கள். ஒரே அடுப்பு, ரெண்டு தோசை. ரெண்டிலும் ஒயின்!

நாசிக்குக்கு நான் போனது 2019 பிப்ரவரியில். கூட வந்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி. சிறுவாணி மலையடிவாரத்தில் ரெண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். அந்த ரெண்டு ஏக்கரை வைத்துக்கொள்வதா, பிடுங்கிப் போடுவதா என்பதுதான் பயணத்தின் காரணம். அவருக்குச் சுற்றுலா எல்லாம் ஆகாது. பழனியைத் தாண்டிப் போனதே நாலு தடவைதான்.

அந்த சீசனில் மண்டியில் அவருக்குக் கிடைத்தது கிலோவுக்கு 28 ரூபாய். மருந்து, கவாத்து, ஆள் கூலி, கூடை, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக மிச்சத்தை நான்தான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். பி.காம். படித்ததற்கு உறவுக்காரர்கள் மத்தியில் அதுதான் எனக்கு மரியாதை. மிச்சம் என்று எழுதின இடத்தில் மைனஸ் வந்தது. பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பாக்குக்கு மாறிக்கொண்டிருந்தன. இன்னும் சில, பாக்குக்குக்கூட மாறாமல் நேராக சைட்டாகவே மாறிவிட்டன.

யாரோ அவரிடம், 'நாசிக்ல திராட்சைய ஒயினாக்கிக் கொழிக்கிறாங்க' என்று சொல்லிவிட்டார்கள். "ஏனுங் மாப்ளே, ஒருக்கா பாத்துட்டு வந்தர்லாமுங்களா?" என்றார். சிக்கல் அதில் இல்லை. மாமா மதுவைக் கையால் தொடாத மனிதர். சும்மா தொடாதவர் இல்லை. சத்தியம் பண்ணினவர்.

கதை பழசு. மதுவிலக்கு என்ற சங்கதியே 1937-ல் எங்கள் கொங்குப் பக்கம் சேலம் ஜில்லாவில்தான் முதலில் ஆரம்பித்தது. ராஜாஜி கொண்டுவந்தது. 1971-ல் அதைத் தளர்த்தி ஊர் ஊராகக் கடை திறந்தார்கள். 1974-ல் மறுபடியும் மூடினார்கள். நடுவில் இருந்த அந்த மூணு வருஷம் எங்கள் அப்பச்சிக்குப் போதுமானதாக இருந்தது. நாலு ஏக்கர் ரெண்டு ஏக்கராச்சு. மீதி ரெண்டைக் காப்பாற்ற, பதினாறு வயசுப் பையனான மாமா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். மாசாணியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினார். அந்த ரெண்டு ஏக்கர்தான் இந்த ரெண்டு ஏக்கர்.

குர்லா எக்ஸ்பிரஸ் பெங்களூரு, சோலாப்பூர், புனே என்று ஊர் ஊராக நின்று நின்று போகும். கல்யாணில் இறங்கி, வேறு ரயில் பிடித்து, கசாரா மலை ஏறி நாசிக் ரோடு. கொண்டுபோன புளிசாதம் சோலாப்பூரில் தீர்ந்தது. மாமாவின் கேள்விகள் மட்டும் தீரவில்லை. "அங்க போனா குடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவாங்களா?" என்பதை மட்டும் மூணு ஸ்டேஷனில் கேட்டார்.

நாசிக்கில் ஒயினை இந்த அளவுக்குக் கொண்டுவந்தவர் ராஜீவ் சாமந்த். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி கங்காப்பூர் அணைக்குப் பக்கத்துக் குடும்ப நிலத்தில் திராட்சை வைத்தவர். 1999-ல் சுலா ஒயின் ஆலை வந்தது. பெயர், அவர் அம்மா சுலபா பெயரிலிருந்து எடுத்தது. 2001-ல் மகாராஷ்டிர அரசு தனியாக ஒரு திராட்சைப் பதனக் கொள்கை போட்டு, உள்ளூர் திராட்சையில் செய்த ஒயினுக்கு கலால் வரியில் சலுகை கொடுத்தது. 2005-ல் சுலாவில் ருசி பார்க்கும் கூடம் திறந்தார்கள். இந்தியாவில் ஒரு ஒயின் ஆலை அப்படித் திறந்தது அதுதான் முதல். டிக்கெட் வாங்கினால் ஆலையைச் சுற்றிக் காட்டி, கடைசியில் கோப்பையைக் கையில் கொடுப்பார்கள்.

எங்கள் கைடு ஒரு மராத்திப் பையன். இருபத்தஞ்சு வயசு இருக்கும். இங்கிலீஷ் மழையாகக் கொட்டியது. கூட்டத்தில் பாதிக்கு மேல் மும்பை ஆபீஸ் பையன்கள், பெண்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு என்று மாமா ஒருத்தர்தான். கைடு சொல்லச் சொல்ல நான் கோயமுத்தூர்த் தமிழில் ஓடிக்கொண்டே இருந்தேன். பார்லிமென்ட்டில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏன் தனிக் கண்ணாடி ரூம் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

முதலில் தோட்டம். பந்தல் கிடையாது. கம்பி வேலி மாதிரி வரிசை வரிசையாக நட்டு, கொடியை நேராக மேலே ஏற்றியிருந்தார்கள். பழம் சுண்டக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். தோல் தடிமன், கொட்டை பெரிசு. "இதை யாருங் திம்பாங்க?" என்றார் மாமா. யாரும் தின்ன மாட்டார்கள். நாம் சாப்பிடும் பழத்துக்கு நீரும் சதையும் வேணும். ஒயினுக்குத் தோலும் சர்க்கரையும் வேணும். லிட்டர் ரசத்தில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால், ஈஸ்ட் அதைத் தின்று 1 சதவிகித ஆல்கஹால் ஆக்கும். 13 சதவிகித ஒயின் வேணுமென்றால் மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பழம் தயாரா என்று பார்க்க கைடு கையில் ஒரு குட்டிக் கருவி வைத்திருந்தார். ஒரு சொட்டு ரசம் விட்டால் இனிப்பைக் காட்டும். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பழத்தை வாயில் போட்டுக் கடித்து, கொட்டையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். "கொட்டை பழுப்பாயிருச்சு. ரெண்டு மூணு நாள்ல அறுத்தர்லாமுங்க." மொழிபெயர்த்தேன். கைடு சிரித்துவிட்டு, எங்கள் ஒயின் மாஸ்டரும் அதைத்தான் செய்வார் என்றார். மும்பைப் பெண்கள் மாமாவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மாமா துண்டைச் சரிசெய்துகொண்டார்.

வரிசைக்கு நடுவே ஒரு வயசான தோட்டக்காரர் மருந்துக் கேனோடு நின்றிருந்தார். மாமா நைசாக நழுவி அவரிடம் போய்விட்டார். ஒருத்தருக்கு மராத்தி மட்டும், இன்னொருத்தருக்குத் தமிழ் மட்டும். ஆனால் 'போர்டோ' என்ற ஒரு வார்த்தை ரெண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. நம் ஊரில் பாக்குக்கும் திராட்சைக்கும் அடிக்கிறோமே, அதேதான். அது ஒரு ஊர் பேர் என்று மாமாவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிரான்ஸில் ஒயினுக்குப் பேர் போன ஊர். பாதையோரக் கொடியில் போகிறவர் வருகிறவர் பழம் பறிக்கிறார்கள் என்று, திருட்டைத் தடுக்க அந்த ஊர்க்காரர்கள் நீலமாக எதையோ கரைத்துப் பூசினார்கள். பூசின கொடிக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வரவில்லை. மில்லார்டே என்ற பேராசிரியர் அதைக் கவனித்து, 1885-ல் உலகத்துக்குச் சொன்னார். "அட, முப்பது வருசமா ஒயின்கார ஊரு மருந்தையா அடிச்சுட்டு இருந்தேன்!" என்றார் மாமா. சத்தியத்துக்குப் பங்கம் வந்துவிட்ட மாதிரி ஒரு முகம்.

அடுத்து ஆலை. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து தோலை ஒதுக்கிவிடுவார்கள். சிவப்புக்குத் தோலோடு ஊறவிடுவார்கள். நிறம், துவர்ப்பு எல்லாம் தோலில் இருந்து இறங்கும். ஆள் உயரத்துக்கு மூணு மடங்கு எஃகுத் தொட்டிகள், சூடேறாமல் இருக்கக் குளிர்சாதனம். பிறகு ஓக் மரப் பீப்பாய்கள். ஒவ்வொன்றும் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பேராம். நாங்கள் காஸ்ட்டிங் பேப்பரில் இதை 'நார்மல் லாஸ்' என்று படித்தோம். தேவதை என்று எழுதியிருந்தால் இன்னும் ரெண்டு மார்க் கூட வாங்கியிருப்பேன்.

பீப்பாய் அறையின் இருட்டிலேயே மாமா விலையைக் கேட்டார். ஒரு பாட்டிலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோவுக்கு மேல் பழம். கடையில் பாட்டில் 700 ரூபாய்க்கு மேல். "28 ரூவாச் சமாச்சாரம் 700 ரூவா!" என்று வாயைப் பிளந்தார். நான் கணக்கை விரித்தேன். தொட்டி, குளிர்சாதனம், பிரான்ஸ் பீப்பாய், பாட்டில், கார்க், லேபிள், வரி, கடைக்காரர் கமிஷன்... எல்லாவற்றுக்கும் மேலே, சரக்கை மாசக்கணக்கில், சிலதை வருஷக்கணக்கில், விற்காமல் சும்மா வைத்திருக்கும் வட்டி. மாமா கைவிரலால் எண்ணிக்கொண்டே வந்தார். ரெண்டு கையும் தீர்ந்தது. அப்புறம் பேசவில்லை.

கடைசியாக ருசி பார்க்கும் படலம். மேலே பால்கனி. கீழே தோட்டம், தூரத்தில் அணைத் தண்ணீர். ஆளுக்கு ஒரு கோப்பை. கைடு சொன்ன முறை இது: முதலில் வெளிச்சத்தில் நிறம் பார். கோப்பையைச் சுழற்று, வாசம் எழும்பும். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் புரட்டு. அப்புறம் விழுங்கு, இல்லாவிட்டால் துப்பு. துப்புவதற்கென்றே ஒரு பாத்திரம் மேஜை மேல் இருந்தது.

"காசு குடுத்து வாங்கி, துப்பறதுக்குத் தனிப் பாத்தரமா?" மாமாவுக்குத் தாங்கவில்லை. ஒரு நாளில் முப்பது நாப்பது ஒயின் ருசி பார்ப்பவர்கள் எல்லாவற்றையும் விழுங்கினால் சாயந்திரம் வீடு போய்ச் சேர முடியாது, அதனால் துப்புகிறார்கள் என்று விளக்கினேன். "அப்ப துப்பறவனுக்குத்தான் ருசி தெரியும்ங்கறீங்க" என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது.

மாமா குடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கோப்பையையும் வாங்கினார், சுழற்றினார், மோந்தார். சத்தியம் நாக்குக்குத்தானே, மூக்குக்கு இல்லையே! முதலில் சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை. கைடு, குடைமிளகாய் வாசம் வருகிறதா என்றார். "திராட்சைல மொளகா வாசம் வந்தா எங்க மண்டில கூடையோட தூக்கி எறிவாங்க" என்றார் மாமா. அடுத்தது ஷெனின் பிளாங்க். அன்னாசி, தேன் என்றார்கள். மாமாவுக்குப் 'புளிச்ச மோர்' மட்டும்தான் வந்தது. மூணாவது ஷிராஸ், கருஞ்சிவப்பு. கைடு வாய் திறக்குமுன் மாமா, "மொளகு" என்றார். கைடு திகைத்துவிட்டார். நிஜமாகவே மிளகுதான். ரோட்டன்டோன் என்று ஒரு வேதிப்பொருள். மிளகில் இருப்பதே ஷிராஸ் தோலிலும் இருக்கிறது என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாமாவுக்கு அது தெரியாது. வீட்டுப் பின்னால் நாலு பாக்கு மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

எல்லோரும் கை தட்டினார்கள். மாமா சிரிக்கவில்லை. கோப்பையைத் திரும்ப மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அப்பன் மேல அடிச்ச வாசம் இது இல்லீங்க மாப்ளே."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து மேஜைகளை நோட்டம் விட்டார். ஒரு குடும்பம். தாத்தா, மகன், மருமகள். ஆளுக்கு ஒரு கோப்பையோடு ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊர் பார் கதை நமக்குத் தெரியும். நின்றபடியே ஒரு குவார்ட்டர், ரெண்டு நிமிஷம், ஊறுகாய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடை. "இங்க பொம்பளைங்க பயப்படாம ஒக்காந்திருக்காங்க, பாருங்க" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனாலும் இதும் அதோட தம்பிதான். சட்டைதான் வேற" என்றார்.

தம்பியா, அண்ணனா என்று நானும் கணக்குப் போட்டேன். 42.8 சதவிகித பிராந்தியில் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி குடித்தால் உள்ளே போகும் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மில்லி. 13 சதவிகித ஒயினில் ஒரு பாட்டில் 750 மில்லியில் 97 மில்லிக்கு மேல். ஒரு கோப்பையோடு எழுந்தால் தம்பி. பாட்டிலைத் தீர்த்தால் அண்ணனுக்கே அண்ணன். 'ஒயின் இதயத்துக்கு நல்லது' என்று சொல்லிக்கொண்டு கிளம்பும் ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு தகவல்: பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, முதல் சொட்டிலிருந்தே ரிஸ்க் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. ரத்தம் ஊற பீட்ரூட் இருக்கிறது.

அதற்காக ஒயின் நமக்கு அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை புறநானூற்றில் 56-வது பாட்டில் நக்கீரர் பாடியிருக்கிறார். அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக்கடல் பக்கத்து ஒயின் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இந்தியாவில் கிடைத்த இப்படிப்பட்ட ஓடுகளில் சில, இத்தாலியின் வெசூவியஸ் எரிமலைப் பக்கத்துக் கருமணல் கலந்த மண்ணில் செய்தவை. ஆக, எரிமலை ஒயின் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கப்பலில் நம்மைத் தேடி வந்திருக்கிறது! அந்த வியாபாரிகளின் காசு எங்கள் வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பாதை எங்கள் ஊர் வழிதான். வெள்ளலூரில் எவனாவது ஒரு ரோமானியன் ஜாடியைத் திறந்து, 'மோந்து பாருங்' என்று நீட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

திரும்பும் ரயிலில் புனே தாண்டும்வரை மாமா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் தீர்ப்பு வந்தது. "வெறும் திராட்சைய வெச்சு ஒயின் ஆவாதுங்க மாப்ளே. அதுக்கு ஆலை வேணும். ஆலைக்கு சட்டம் வேணும். முன்னாடியே வெலை பேசி எழுதிக் குடுக்கற ஆளு வேணும். எல்லாத்துக்கும் மேல, ஒக்காந்து பேசிட்டே குடிக்கறதுக்கு ஒரு திண்ணை வேணும். நம்மூர்ல திண்ணையவே இடிச்சுட்டோம்." கள்ளுக்கே 1987-லிருந்து தடை இருக்கும் மாநிலத்தில், ரெண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒருத்தர் ஒயின் கனவு காண முடியாது என்பதை எந்த ஆடிட்டரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஊருக்கு வந்ததும் ஒரு ஏக்கர் கொடியைப் பிடுங்கிப் பாக்கு வைத்தார். பிடுங்கின அன்றைக்கு அத்தை சாப்பிடவில்லை. மாமா தோட்டத்தை விட்டு வரவில்லை. அப்பச்சி காலத்தில் பிழைத்த ரெண்டில் ஒன்றுக்குக் கொடி போச்சு. நல்லவேளை, மண் போகவில்லை. அந்தப் பாக்கு இப்போதுதான் குலை தள்ளுகிறது.

மீதி ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை அப்படியே இருக்கிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 'நம்ம பழத்தோட பங்காளிக்குப் பட்டம் கெடச்சிருக்கு' என்று ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தார். பன்னீர் திராட்சை என்பது வெளிநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க். அங்கே அதைத் தின்னவும் செய்வார்கள், ஒயினாக்கவும் செய்வார்கள் என்று நான் சொன்னதை இப்போது அவர் எல்லோருக்கும் சொல்கிறார்.

மண்டிக்குப் போடுவதை மாமா நிறுத்திவிட்டார். சனி, ஞாயிறில் மலையடிவாரத்துக்கு கார் கார்களாக வரும் டவுன் ஜனங்களுக்குத் தோட்டத்து வாசலிலேயே விற்கிறார். கிலோ 80 ரூபாய். பேரம் கிடையாது. ஆனால் ருசி பார்க்காமல் யாருக்கும் கொடுக்க மாட்டார். வேப்ப மரத்தடியில் ஒரு மேஜை, மேலே மூணு தட்டு. ஒன்றில் பழுத்துக்கொண்டிருப்பது, ஒன்றில் பதமாகப் பழுத்தது, ஒன்றில் கொடியிலேயே நாலு நாள் கூட விட்டது. வேட்டியும் துண்டுமாகப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மொதல்ல மோந்து பாருங்... அவசரப்படாதீங்... பன்னீர் வாசம் தெரியுதுங்களா? இப்ப வாயில போட்டு, நாக்குல நல்லாப் பொரட்டுங்க" என்று ஐ.டி. கம்பெனிப் பையன்களுக்குப் பாடம் நடத்துகிறார். அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு புரட்டுகிறார்கள்.

பன்னீர் திராட்சை கொட்டையுள்ள ஜாதி. மேஜை ஓரத்தில் ஒரு பித்தளைச் சொம்பும் வைத்திருக்கிறார், துப்புவதற்கு.